ஈரத்துணியோடு உள்ளே வர வேண்டாம்: குற்றாலத்தில் ஒரு சிக்கன் கடை

போன ஜூலையில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் குற்றாலம் போனது குளிக்க மட்டும் அல்ல. என் மனைவி கோமதியின் தம்பி முத்து, குற்றாலம் சாலையில் வெளிநாட்டுச் சிக்கன் கம்பெனி ஒன்றின் கிளையை எடுத்து நடத்துகிறான். பெயர் வேண்டாம், உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் நான்கைந்து பெயர் சொல்வார்கள், அதில் ஒன்று. பத்து வருடம் சவுதியில் சேர்த்ததை மொத்தமாக இதில் போட்டிருக்கிறான். ஓடவில்லை என்றால் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான். அவனுடைய இரண்டு வயது மகன் இப்போதுதான் அவனிடம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான்.

நான் எதற்கும் பதறுகிற ஆள். சீசனில் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் ரயிலில் இடம் கிடைக்காது, எடுத்த டிக்கெட்டையே பத்து தடவை சரிபார்த்தேன். எழும்பூரில் இரவு ஏறினால் காலை எட்டு மணி வாக்கில் தென்காசி. படுக்கை வசதிப் பெட்டியில் ஆளுக்குச் சுமார் நானூறு ரூபாய். ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கொடுத்தோம்.

தென்காசிக் கோயில் கோபுரம் பின்னால் போனதும் சாரல் ஆரம்பித்துவிட்டது. சாலையோரம் ரம்புட்டான் கூடைகள், நேந்திரம் சிப்ஸ் கடைகள், பரோட்டா கடைகள். நடுவே கண்ணாடியும் சிவப்பு விளக்குமாக முத்துவின் கடை. சென்னையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் அதே போர்டு, அதே சிவப்பு. தஞ்சாவூரில், மதுரையில் இந்த மாதிரி போர்டுகளைப் பார்த்து "எந்த ஊருக்கு வந்தோம் என்றே தெரியவில்லை" என்று புலம்பியவன் நான். அன்றைக்கு அதன் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்றுதான் எட்டிப் பார்த்தேன்.

"கடை எப்படிப் போகுது?" என்று டிரைவரிடம் யாரோ எவரோ போலக் கேட்டேன்.

"ராத்திரி சின்னப் பயலுவ வருதாவ, செல்போன்ல போட்டோ எடுக்காவ. பகல்ல என்னத்த அண்ணாச்சி? அருவியில நின்னுட்டு வாரவனுக்கு குடலு காயும். ஈரத்தோட ஏசிக்குள்ள எவன் போவான்?"

கோமதி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரூமில் பையை வைத்துவிட்டு ஐந்தருவிக்குக் கிளம்பினோம். மாற்றுத்துணி எடுக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். கோமதி தென்காசிக்காரி, ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் வெளியூர்க்காரங்க செய்யுதது. நாங்க ஈரத்தோடதான் சாப்பிடுவோம், ஈரத்தோடதான் வீட்டுக்குப் போவோம்." துணிப் பையை ரூமிலேயே விட்டுவிட்டேன். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்களே என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிக் குளியல் போய்விட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வரும் பசி இருக்கிறதே, அது ஒரு தனி ரகம். மகள் கயல் பர்கர் பர்கர் என்று நச்சரித்தாள். ஆட்டோக்காரர் சீட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்து ஏற்றிக்கொண்டார், நூற்றைம்பது ரூபாய்.

முத்துவின் கடைக் கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது: 'ஈரத்துணியோடு உள்ளே வர வேண்டாம்.' நான் நின்றுவிட்டேன். கோமதி அதைப் படித்தாள், ஆனால் அது தனக்கு இல்லை என்று நினைத்துக் கதவில் கை வைத்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. தலையில் துண்டு கட்டிய குடும்பம், பதினைந்து பேர் இருக்கும், எல்லாரும் சொட்டச் சொட்ட.

சிவப்புத் தொப்பியோடு முத்து ஓடி வந்தான். உள்ளே மேஜையில் மதுரையிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி ஒருவர் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, வாங்க. அத்தான், வாங்க." கதவை அரையளவுக்கு மேல் திறக்கவில்லை. "ரூமுக்குப் போயி துணி மாத்திட்டு வந்திருதியளா?"

"ஏலே, எனக்குமா?"

அவன் முகம் செத்துவிட்டது. "மொத வாரமே ஒருத்தரு எண்ணெய்க் காலோட டைல்ஸ்ல வழுக்கி விழுந்துட்டாருக்கா. கம்பெனில கண்டிசனா சொல்லிட்டாவ. ஒன்ன உள்ள விட்டுட்டு, பின்னால நிக்கவங்கள நான் எந்த மூஞ்சிய வச்சி நிறுத்துவேன்?"

வேன்காரர்கள் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். சொந்த அக்காவையே விடவில்லை என்றதும் ஒருவரும் சண்டை போடவில்லை. அப்படியே திரும்பி எதிர்ப்பக்கப் பரோட்டா கடைக்குப் போனார்கள். நாங்களும்தான். அங்கே சிமெண்ட் தரை, பெஞ்சு, ஈரம் எவருக்கும் பொருட்டே இல்லை. பரோட்டா சூடாக வந்தது, மூன்று பேருக்கும் முந்நூற்று இருபது ரூபாய். கோமதி பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்தாள். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் காலி நாற்காலிகளுக்கு நடுவே முத்து நின்றுகொண்டிருந்தான். மறுபடி சவுதி, மறுபடி அந்தக் குழந்தையை விட்டுப் போவது என்று என் மனசு அதையே சுற்றி வந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தலை காய்ந்து, உடை மாற்றிக்கொண்டு போனோம். அதிகாரி போயிருந்தார். நான்கு மேஜைகளில் ஆள் இருந்தது. முத்து தானே தட்டைத் தூக்கி வந்தான். பர்கரை ரொட்டிக்குள் ரொட்டி என்று கேலி செய்கிற கோமதி ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"கோவமாக்கா?"

"இல்லலே. ஒரு நாளைக்கு எத்தன பேரு இப்படித் திரும்பிப் போறாவ?"

"எண்ணுததில்லக்கா," என்றான், மேஜையைத் துடைத்துக்கொண்டே.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வார நாளில் போங்கள், ஐந்தருவிக்குக் காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள், மாற்றுத்துணியை ரூமில் விட்டுவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். பரோட்டாதான் வேண்டும் என்றால் ஈரத்தோடு போகலாம், நானும் அதைத்தான் விரும்புவேன். பிள்ளைகள் அந்தச் சிவப்புப் போர்டைக் காட்டி அடம் பிடித்தால், தயவுசெய்து நன்றாகத் துவட்டி, உடை மாற்றிக்கொண்டு போங்கள். வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தன் நிற்பான். திரும்பிப் போங்கள் என்று உங்களிடமும் அவனைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.