நானே வாசித்துக் காட்டிய கதை

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். பேய்க்கதை, துப்பறியும் கதை, பெண்கள் எழுதத் தொடங்கிய காலத்து எழுத்து, மூன்றும் சேர்ந்த ஒரு பேப்பர் என் பொறுப்பில் இருக்கிறது. மூன்றும் ஒரே வீட்டுக் கதைதான் என்பது என் கட்சி. வீட்டுக்குள் ஒருத்தியை அடைத்துவிட்டு அவளைப் பேய் என்பார்கள், அது முதல் வகை. அடைத்தது யார் என்று தேடினால் இரண்டாவது. அடைபட்டவளே பேனாவைப் பிடித்தால் மூன்றாவது. இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பெருமையாகப் பார்ப்பேன். வாய் மட்டும் இல்லையென்றால் என்னையெல்லாம் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், பூட்டிய அறை ஒன்றை வைத்து ஆளுக்கொரு கதை எழுதி வரச் சொன்னேன். அத்தனை பேரும் கோட்டை, மெழுகுவத்தி, மூடுபனி என்று கொண்டுவந்து கொட்டினார்கள். மதுரை வெயிலில் மூடுபனி! தலையில் அடித்துக்கொண்டே திருத்தினேன்.

ஒரு தாளில் மட்டும் பனி இல்லை. அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை. அதற்கு மேல் மாடியில், வெளியே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. உள்ளே பட்டறைக்காரரின் தங்கை. கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள், நிலத்தில் தன் பங்கை எழுதித் தர மாட்டேன் என்றவள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. ஒருநாள் அந்த அத்தையின் கட்டைவிரலில் மை அப்பியிருப்பதை அண்ணன் மகள் பார்க்கிறாள். பட்டம் வாங்கியவளிடம் எதற்குக் கைநாட்டு? அந்தக் கேள்வியோடு கதை நின்றது.

எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த அறையைப் பற்றி அல்ல, அந்த ஆங்கிலத்தைப் பற்றி. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை இப்படி எழுதுமா? சிவப்பு மையில் ‘காப்பி’ என்று பெரிதாக எழுதினேன். காப்பி அடித்த தாளில் அப்பாவை வரவழைத்துக் கையெழுத்து வாங்குவது எங்கள் துறையின் வழக்கம்.

அந்தப் பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

“மேம், நானாத்தேன் எழுதுனேன். சைபர் கூடப் போட்டுக்கங்க மேம். அப்பாவ மட்டும் கூப்புட வேணாம்.”

“காப்பி அடிக்கும்போது அந்தப் பயம் எங்க போச்சு?” என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. “எனக்கு இங்கிலீசு வராது மேடம். என்ன எழுதியிருக்கான்னு தமிழ்ல சொல்லுங்களேன்” என்றார். கதை சொல்லச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும்! தாளைக் கையில் எடுத்து, வகுப்பில் போலவே ஏற்ற இறக்கத்தோடு, மாடி, தாழ்ப்பாள், பேய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் அசையாமல் கேட்டார். பிறகு மெதுவாக, “கைநாட்டு வாங்குனதையும் எழுதியிருக்காளா?” என்றார்.

“அட, ஆமா சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அன்று திருப்பரங்குன்றம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. கைநாட்டு வரைக்கும் நான் கதையைச் சொல்லியிருக்கவே இல்லை. அடிப்பாவி! சொல்லாத விஷயத்தைத் தெரிந்துவைத்திருப்பவன்தான் குற்றவாளி என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தது. ஊரான் வீட்டு விவகாரம், தப்பாகப் போய்விட்டால் மானக்கேடு, திங்கட்கிழமை அவளையே கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பயந்துதான் இருந்தேன். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

அதன் பிறகுதான் தாளை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் குறை சொல்ல முடியாத மனிதர். ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். மாடி அறை கழுவிவிட்டுக் காலியாகக் கிடந்தது. தங்கை வெளியூரில் வைத்தியத்தில் இருக்கிறாள் என்று வீட்டில் சொன்னார்களாம். “இத வச்சு நான் என்ன பண்ணட்டும் மேடம்? நீங்களே காப்பின்னு எழுதியிருக்கீங்க” என்று தாளைத் திருப்பித் தந்தார். என் கையெழுத்துத்தான், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து, பட்டறைக்காரர் வெளியே போயிருந்த ஒரு காலையில், அந்த வீட்டுக்கே போனேன். வாசலில் ஜல்லிக்கட்டுக் காளை நின்றது, அதற்குத் தனியாக ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா கேட்டைப் பாதி திறந்தபடி நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

“அவளக் கட்டிக் குடுத்துட்டாக டீச்சர். ஊரச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக. எங்க நாத்தனாள எங்க கொண்டு போனாகன்னு எனக்கே தெரியாது.”

என் தப்புத்தான், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

“நாந்தேன் அவள எழுதச் சொன்னேன். எங்க போனு ரெண்டும் அவரு கையிலதேன் இருக்கும். காலேசுத் தாள அவரு தொட மாட்டாரு, டீச்சர் மட்டுந்தேன் படிப்பாங்கன்னு அவ சொன்னா. அவுக படிச்சா வெவரம் புரிஞ்சுக்கிருவாக, யாரையாச்சும் கூட்டிட்டு வருவாகன்னு சொன்னா. ஒங்க மேல அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை.”

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது யாருக்கு என்ன? அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்.

“இனிமே வராதீங்க டீச்சர். நீங்க வந்தது அவருக்குத் தெரிய வேணாம். மாடி ரூமு இப்ப சும்மாத்தேன் கெடக்கு.”