விசாரிக்க வந்தவர் ஆடிய டாங்கி ஆட்டம்

போன வாரம் எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில், புதிதாக மாற்றலாகி வந்த ஒரு தம்பி, “ரயிலில் பொழுது போகவில்லை, போனில் விளையாட நல்ல கேம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். பாவம், என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் குரல் பதிவில் ஆரம்பித்தேன். எதை முதலில் ஆட வேண்டும், எதை மழை நாளுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும், எதை மனைவி பக்கத்தில் இருக்கும்போது தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பி முடிப்பதற்குள் அவர் சென்னை போய்ச் சேர்ந்திருந்தார். பதிலாக ஒரு கும்பிடு மட்டும் வந்தது. அது நன்றியா, போதும் விட்டுவிடுங்கள் என்பதா, இன்னும் பிடிபடவில்லை.

இந்த வியாதி எனக்குக் காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் தொற்றியது. கல்லூரியை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம். கூடப் படித்த சொக்கு அந்த மாடியில் வீடியோ கேம் கடை போட்டிருந்தான். நான்கு டிவி, நான்கு பெட்டி, நிறைய கேசட். கீழே பலகாரக் கடை. அங்கே தேன்குழல் வேகும் வாசனை படியேறி நேராக எங்கள் அறைக்கு வரும். இன்றைக்கும் எங்கேயாவது எண்ணெய் காயும் வாசனை வந்தால் என் கட்டைவிரல் இரண்டும் தாமாக அசையும். டாக்டரிடம் காட்டும் அளவுக்கு இன்னும் முற்றவில்லை.

பையன்கள் கீழே தேன்குழலைத் தின்றுவிட்டு அதே கையோடு வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பார்கள். பட்டன் எல்லாம் வழுக்கும். சொக்கு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்தான். கோயிலுக்குள் போவது போல எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். காலை எதற்குக் கழுவினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

கடையில் எனக்கு என்ன வேலை என்றால், சொல்வதுதான். வருகிறவர் முகத்தைப் பார்த்ததும் இவருக்கு இது என்று எடுத்துக் கொடுப்பேன். பரீட்சையில் தவறியவனுக்கு வாத்து சுடும் ஆட்டம். துப்பாக்கியைக் கையில் பிடித்துப் படபடவென்று சுட்டால் பாரம் இறங்கிவிடும். அப்பாவிடம் திட்டு வாங்கி வந்தவனுக்குச் சேற்றில் தாவும் பைக் பந்தயம். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் டாங்கி. அதைப் பற்றி இப்போதும் ஒரு மணி நேரம் பேசுவேன், பயப்படாதீர்கள், பேசவில்லை. திரையின் கீழே நடுவில் ஒரு பறவைச் சின்னம், அதுதான் நம் வீடு. சுற்றிலும் செங்கல் சுவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு டாங்கியை ஓட்டி, மேலிருந்து இறங்குகிற எதிரிகளிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும். ஒருவருக்கு உயிர் தீர்ந்துபோனால் மற்றவர் தன்னிடம் இருப்பதில் ஒன்றைக் கொடுக்கலாம். இதைவிட நல்ல ஆட்டத்தை இன்றுவரை யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி. கட்சியில் நான் ஒருவன்தான்.

அப்போது பள்ளத்தூரில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்று வந்தது. போட்டோக்காரரைப் பார்த்து வந்த சிரிப்பை அந்தப் பெண் உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பின் மிச்சம் எனக்கென்றுதான் இருக்கிறது என்று நானாக முடிவு செய்து, போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் என்று ஒன்று நடந்தால் இவளோடுதான். தரகர் அங்கே என்னைப் பற்றிச் சொன்னது: “பையன் கம்ப்யூட்டர் லைன்ல இருக்காப்ல.”

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் சொல்லிக்கொண்டு வருவதற்கு முன்னால் சொல்லாமல் ஒருமுறை வருவார்கள். டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு பேச்சு, பையன் எப்படி என்று தெரிந்துவிடும். அம்மா தினமும் எச்சரித்தாள்: “பள்ளத்தூர்க்காரவுக எந்நேரமும் வருவாக. வாயை அடக்கிக்கிட்டு இரு.” நான் ஏமாளியா? டீக்கடையிலும் சலூனிலும் போய், யாராவது கேட்டால் தங்கமான பையன் என்று சொல்லும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். டீக்கடைக்காரர் மட்டும், “தங்கம்னா நம்ப மாட்டாகப்பா, பித்தளைன்னு சொல்றேன்” என்றார்.

சந்தை நாள் ஒன்றில், சொக்கு வெளியே போயிருந்தபோது, மஞ்சள் பையும் குடையுமாக ஒரு பெரியவர் படியேறி வந்தார். கைகால் கழுவிவிட்டுத்தான் வந்தார், அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

“இங்க என்ன தம்பி நடக்குது?”

“கேமுங்கய்யா. உக்காருங்க, ஆடிப் பாக்கிறீகளா?”

“எனக்கு எதுக்கு? வெயிலுக்கு ஒதுங்குனேன்.”

வெயிலுக்கு ஒதுங்கியவரை விடலாமா? விவசாயி மாதிரி தெரிந்ததால் முதலில் தோட்டம் போடும் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். உழுது, விதைத்து, தண்ணீர் ஊற்றி, விற்று மாடு வாங்குகிற ஆட்டம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உச்சி வெயில்ல தண்ணி பாய்ச்சுறானே, கிறுக்கனா இவன்?”

“நான்தான்யா பாய்ச்சுறேன்.”

“அதான் கேட்டேன்.” பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு, “தம்பிக்கு இதுல ரொம்பப் பிரியமோ?” என்றார்.

“பிரியமா? சோறு தண்ணி வேணாம்ங்கய்யா. ஒரு தீவாளிக்கு எண்ணெய் தேச்சுட்டு உக்காந்தவன், கெலிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். சாயங்காலந்தான் குளிச்சேன்.”

“ம். நாளைக்குப் பொண்டாட்டி பிள்ளைன்னு ஆயிட்டா?”

“ஆகட்டும்ங்கய்யா. நாலு பேரு ஆடுற கேமெல்லாம் வந்திருச்சு.”

“ஏமாத்திக் கெலிக்கவும் வழி இருக்குமோ?”

“சில கேமுக்கு அதுக்குன்னே பட்டன் வரிசை இருக்கு. வரிசையா அமுக்குனா உசுரு குறையவே குறையாது. யாருக்கும் சொல்றதில்ல. உங்களைப் பாத்தா நல்லவுகளாத் தெரியுது, சொல்லித் தாரேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆர்வம் என்று நினைத்தேன். டாங்கிக் கேசட்டை எடுத்து ஊதிச் செருகி, ஒரு ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் திணித்தேன்.

முதல் குண்டிலேயே சொந்தச் சுவரை உடைத்தார். இரண்டாவது குண்டில் பறவை போயிற்று. ஆட்டம் முடிந்தது.

“நம்ம வீட்டையே இடிச்சுப்புட்டேனா?”

“விடுங்கய்யா. மறுபடி கட்டிக்கிரலாம்.”

மறுபடியும் இடித்தார். மறுபடியும் கட்டினோம். அவருடைய டாங்கி வெடிக்க வெடிக்க நான் என் உயிர்களை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் பை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் என் தோளை இடித்துக்கொண்டு, “ஏலேய், அங்குட்டு வாராய்ங்கடா, விடாத” என்று கத்தினார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். குடையை மறந்துவிட்டுப் படியிறங்கி, திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனார்.

படியில் அவருக்கு வழிவிட்டு டீயோடு ஏறி வந்த சொக்குவுக்குப் பள்ளத்தூரில் சித்தி வீடு.

“டேய், உனக்குப் பாத்திருக்க பொண்ணோட அப்பாடா அவரு. என்ன பேசுன?”

சொன்னேன். சொக்கு பெஞ்சில் உட்கார்ந்தான்.

“தீவாளிக் கதையுமா?”

“ஆமா.”

“அந்தப் பட்டன் வரிசை?”

“சொல்லிக் குடுத்தேன்.”

அவன் தன் டீயைக் குடித்துவிட்டு என் டீயையும் எடுத்துக் குடித்தான்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் யாருக்கும் எந்த கேமும் சொல்லவில்லை. வாத்து கேட்டவனுக்கு, “உன் இஷ்டம்” என்றேன். பையன்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். சட்டைப்பையில் இருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தால், அவள் அடக்கிக்கொண்டிருந்தது என்னைப் பார்த்து வந்த சிரிப்பாகவே தெரிந்தது. போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் நீட்டிய அன்றைக்குத்தான் தரகர் வந்தார். பள்ளத்தூரில் சொல்லி அனுப்பியதை, கைகளை ஆட்டிப் பெண்ணின் அப்பா மாதிரியே சொல்லிக் காட்டினார்.

“குடிக்கிறவனா இருந்தா நாலு கடை ஏறித் தேடணும். இவன அந்த மாடியில போய்ப் பாத்தாப் போதும். நான் வீட்டையே இடிச்சேன், ஒரு வார்த்தை சொல்லல. எம்மகளுக்கும் கை நிக்காது, எதையாச்சும் போட்டு உடைப்பா. அவளுக்கு இவந்தான் சரி. வேலை மட்டும் வேற பாக்கச் சொல்லுங்க.”

பார்த்தேன். பரீட்சை எழுதி, கிடைத்து, கல்யாணமும் நடந்தது. என் மனைவி உடைத்ததை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது, அவளும் படிப்பாள்.

எங்கள் குடும்பங்களில் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். ஒருவர் வந்தால் ஒருவர் எழுந்துவிடுவார். நாங்களும் வீட்டில் அப்படித்தான், “வாங்க”, “சாப்பிட்டீகளா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் சந்தை நாள் விடுமுறையில் வந்தால், அவர் முதலில் சொக்கு கடைப் படியேறிவிடுவார். நான் யாரோ போல ஐந்து நிமிடம் கழித்துப் போவேன். உள்ளே போய்விட்டால் தோளை இடிப்பதும் ஏலேய் என்பதும் பழையபடிதான். அத்தைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மரியாதை போச்சு என்று இரண்டு பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பார்.

அந்த மாடியில் இப்போது கண்ணாடிக் கடை. சொக்கு கோவையில் இருக்கிறான். பெட்டிகளையும் கேசட்டுகளையும் பழைய சாமான்காரர் எப்போதோ எடுத்துப் போய்விட்டார். இன்றைக்குத் தெருவில் எல்லார் கையிலும் ஒரு கேம் ஓடுகிறது, யாரும் யாரிடமும் எது நல்லது என்று கேட்பதில்லை.

அலுவலகத் தம்பிக்குச் சொன்ன சூட்டோடு, ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் போனபோது அந்த டாங்கி ஆட்டத்தைப் போனில் இறக்கி மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளங்கை அகலத் திரையைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். பறவை இருந்தது, செங்கல் இருந்தது. ஒற்றை விரலால் கொஞ்ச தூரம் ஓட்டினார். வழக்கம்போல வீட்டை இடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ளே,” என்று போனை என்னிடம் நீட்டினார். “இதுல ரெண்டாவது ஆளு எங்குட்டு உக்கார்றது?”