ஒரு வாரம் வீட்ல வச்சுப் பாத்த கல்லு

எனக்கு இருபத்தெட்டு முடியிறதுக்குள்ள ரெண்டு சம்பந்தம் பேசி ரெண்டும் கலைஞ்சு போச்சு. மொதச் சம்பந்தம் ஜாதகத்துல நின்னுச்சு. ரெண்டாவது, பூ வைக்கத் தேதி குறிச்ச நாலாம் நாள் மாப்பிள்ளையோட சித்தப்பா மாரடைப்புல போயிட்டாரு. அந்த மனுசன் முப்பது வருசமா பீடியை வாயிலேருந்து எடுத்ததில்ல. ஆனா பழி எனக்கு. "ராசியில்லாத பொண்ணு"ன்னு ஒரு பேச்சு செல்லூர்ல எங்க சந்துக்குள்ள நுழைஞ்சு, அம்புட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டுச்சு. மூணாவதா காளவாசல்லேருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. இதுவும் கலைஞ்சா இனி எங்க வாசப்படியை யாரும் மிதிக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கு ரொம்பவே தெரியும்.

அந்த மாப்பிள்ளை ஒரு கம்பெனியில படம் வரையிற வேலை பாத்தாரு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமான்னெல்லாம் கேக்கலை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர்னு சொன்னதும், "நைட் டூட்டி முடிஞ்சு வந்து எப்பத் தூங்குவீங்க?"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்வியில நான் விழுந்துட்டேன். இதுல மறைக்க என்ன இருக்கு?

அவங்கம்மாவைப் பாத்தாத்தான் பயம். அரிசி மில்லு அவங்க வீட்டுக்காரர் பேருல இருந்துச்சு, நடத்துனது அவங்க. அதிகம் பேச மாட்டாங்க. சிரிச்சா பல்லு தேஞ்சிரும்கிற மாதிரி உக்காந்திருப்பாங்க.

எங்க ஆளுகள்ல நிச்சயத்துக்குச் சேலை, பூ, தேங்கா பழம், அவ்வளவுதான். பொண்ணுக்கு மோதிரம் போடுற பழக்கமெல்லாம் கிடையாது. அவருதான் ஆரம்பிச்சு வச்சாரு. "நிச்சயத்துக்கு ஒனக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு. எனக்கு உடனே எங்க சூப்பர்வைசரம்மா ஞாபகம் வந்துச்சு. ரயில்வே காலனியிலேருந்து வர்ற ஆங்கிலோ இந்தியன் அம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுக்காரர் போட்ட மோதிரத்தைக் கழட்டவே மாட்டாங்க. நீளமா, ரெண்டு பக்கமும் கூரா ஒரு வைரம். அவங்க பிளக்கை எடுத்துச் செருகும்போதெல்லாம் போர்டு மேல ஒரு வெளிச்சம் ஓடும். வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்டு நாலு பேரு காதுக்குள்ள கத்துறப்பகூட நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். "நீளக்கல்லு வச்ச மோதிரம்"னு சொல்லிட்டேன். அந்த மனுசன் நேராப் போயி அப்படியே அவங்கம்மாகிட்ட ஒப்பிச்சிட்டாரு. போச்சுடா, ஆசை பிடிச்சவன்னு பேரு வாங்கப் போறோம்னு நெனச்சேன். "மோதிரந்தான, போட்டாப் போச்சு. ஆனா வைரம்னா வச்சுப் பாத்துத்தான் எடுக்கணும்"னு சொல்லிவிட்டாங்களாம்.

தெற்காவணி மூல வீதியில மாடிப்படி ஏறிப் போற கடை. அவரு, அவங்கம்மா, நான், எங்கம்மா நாலு பேரும் போனோம். கடைக்காரர் வெள்ளைத் துணியை விரிச்சு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சாரு. எல்லாம் உருண்டை. நான் நீளம் வேணும்னதும் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பாத்தாரு.

"தோட்டுக்குக் கேப்பாங்க, மூக்குத்திக்குக் கேப்பாங்க. எல்லாம் உருண்டைதாம்மா. இங்க நீளம் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

இருந்தாலும் பம்பாயிலேருந்து வந்ததுன்னு நாலு கல்லை எடுத்து வச்சாரு. மொதல்ல ஒண்ணு, மேல கூரா கீழ குண்டா, சொட்டு மாதிரி. அவரோட அம்மா, எனக்கு அத்தையாகப் போறவங்க, குனிஞ்சு பாத்தாங்க. "கண்ணீரு கணக்கா இருக்கு. நல்ல நாளும் அதுவுமா விரல்ல கண்ணீரைப் போட்டுக்கிட்டு நிப்பாளா?" அடுத்தது சதுரம். "சோப்புக்கட்டி." மூணாவது இதயம் மாதிரி வெட்டுனது. "இது என்ன, வெத்தலையா?" "வெத்தலை நல்லதுதானம்மா"ன்னாரு கடைக்காரர். "தட்டுல இருந்தா நல்லது."

நாலாவதுதான் நான் நெனச்ச கல்லு. அத்தை அதை உள்ளங்கையில போட்டு, மில்லுக்கு வர்ற நெல்லைப் பாக்குற மாதிரி கட்டை விரலால உருட்டுனாங்க. "நெல்லு"ன்னாங்க. ஒரே வார்த்தை. அப்புறம் வாசப்பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டு போயி, "நடுவுல என்ன கருக்கல்?"

"நீளமா வெட்டுனா நடுவுல கொஞ்சம் நிழல் விழும்மா. அசைச்சுப் பாருங்க, நகரும். தோஷமில்ல. முனை ரெண்டும்தான் நோஞ்சான். தங்கத்தை நகம் மாதிரி வளைச்சு முனையைக் கவ்விப் பிடிக்கணும், இல்லேன்னா எங்கயாச்சும் இடிச்சாத் தெறிச்சிரும்."

"எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னுட்டேன். யாரும் கேக்கவே இல்ல. எங்கம்மா தொடையில கிள்ளுன கிள்ளு ரெண்டு நாளைக்கு இருந்துச்சு.

வைரம் எல்லாருக்கும் ஆகாதுன்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. அதனால வாங்குறதுக்கு முன்னாடி, போட்டுக்கப் போறவ வீட்ல ஒரு வாரம் சாமி மாடத்துல வச்சுப் பாப்பாங்க. அந்த ஏழு நாள்ல வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா கல்லு ஒத்துக்கிருச்சு. காய்ச்சலோ, விழுந்து எந்திரிக்கிறதோ, கெட்ட கனவோ வந்தா திருப்பிக் குடுத்துரலாம். தெரிஞ்ச குடும்பம்னா கடைக்காரரும் ஏன்னு கேக்க மாட்டாரு. கல்லை ஒரு சின்னச் சம்புடத்துல போட்டு எங்கம்மா கையில குடுக்கும்போது அத்தை சொன்னாங்க: "ஏதாச்சும்னா மறைக்காமச் சொல்லிருங்க."

அந்தப் பேச்சு எங்கம்மா காதுல வேற மாதிரி விழுந்துச்சு. கல்லு ஆகலைன்னா வேற கல்லுன்னு அவங்களுக்குத் தோணலை. 'ராசியில்லாதவ வீட்ல எந்தக் கல்லு ஒத்துக்கும்'னு பேசி, சம்பந்தத்தையே விட்டுருவாங்கன்னுதான் தோணுச்சு. சத்தியமாச் சொல்றேன், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

அடேங்கப்பா, அந்த ஒரு வாரம்! எங்கம்மா அப்பாவைச் சைக்கிள் எடுக்கவிடலை. வேலை பாக்குற பஞ்சு மில்லுக்கு நடந்தே போனாரு. ரெண்டாம் நாள் பாலு திரிஞ்சிருச்சு. அம்மா ஒருத்தர் கண்ணுலயும் காட்டாம சாக்கடையில ஊத்திட்டு, பால்காரரே வரலைன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. நான் ஒரு தும்மல் தும்முனேன். "வாயைப் பொத்துடி!" "அம்மா, கல்லுக்குக் காது இருக்கா?"ன்னு கேட்டேன். "பேசுவடி, பேசுவ. இது கலைஞ்சா அப்பப் பேசு."

ஆறாம் நாள் காலையில நைட் டூட்டி முடிஞ்சு வாரேன். மத்த நாள்னா அந்நேரம் அப்பா மில்லுக்குக் கிளம்பியிருப்பாரு. அன்னிக்குக் கட்டில்ல சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. பனியன் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. வீடெல்லாம் ஓமத்தண்ணி வாடை. அம்மா கையில ஈரத்துண்டோட நிக்கிறாங்க.

"என்னப்பா?"

"வாயுதான் தாயி. பிடிச்சுக்கிருச்சு. சரியாப் போயிரும்."

ஒரு கையை நெஞ்சுல வச்சு அமுக்கிக்கிட்டே சொல்றாரு. "எத்தனை நாளா?"ன்னு அம்மாவைக் கேட்டேன். அம்மா கண்ணு சாமி மாடத்துப் பக்கம் போச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

"நாலாம் நாள்லேருந்து"ன்னாரு அப்பா. "நாளைக்கு ஒரு நாள் பொறுத்தா முடிஞ்சிரும் தாயி. கல்லைக் குடுத்துட்டு டாக்டர்கிட்டப் போயிக்கலாம்."

எனக்கு வந்த கோவத்துல என்ன பேசுனேன்னு இப்பவும் முழுசா ஞாபகம் இல்ல. கல்லாவது மண்ணாவதுன்னு கத்துனேன். நீங்க இல்லாம எனக்கு எதுக்குப்பா மோதிரம்னு கத்துனேன். பக்கத்து வீட்டுத் தறி நின்னுச்சு. அந்த வீட்டு அண்ணனே ஓடி வந்து தூக்கிப் பிடிக்க, ரிக்‌ஷாவுல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அம்மா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாங்க. நான் அழலை. அழுதா அப்பா பயந்துருவாரே.

உச்சிப்பொழுதுக்குத்தான் டாக்டர் வெளிய வந்தாரு. "இதயந்தான். லேசா வந்திருக்கு. ஆபத்தில்ல, ஆனா இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னாரு. நான் அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டேன். அப்பா இருக்காரு, அது போதும்னு இருந்துச்சு. அந்தச் சூட்டோட எந்திரிச்சேன். வீட்டுக்குப் போயி மாடத்துல இருந்த சம்புடத்தை எடுத்தேன். காளவாசலுக்குப் பஸ் ஏறிட்டேன்.

அத்தை மில்லு வாசல்ல அரிசியைக் கையில அள்ளிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. முந்துன நாள் போட்ட சேலை, கலைஞ்ச தலை, அப்படியே போயி நின்னேன். சம்புடத்தை அவங்க முன்னாடி வச்சேன்.

"இந்தாங்க உங்க கல்லு. எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி. பெரியாஸ்பத்திரியில படுத்திருக்காரு. மூணு நாளா உங்களுக்குப் பயந்து மறைச்சிருக்காரு. கல்லு ஆகலைன்னு சொல்லிக்கங்க, பொண்ணு ஆகலைன்னு சொல்லிக்கங்க, உங்க இஷ்டம். நான் வாரேன்."

சொல்லிட்டுத் திரும்புனேன். அந்தத் திரும்புன நிமிசத்துல அவங்க மகனோட முகம் கண்ணுக்குள்ள வந்துச்சு. நானே என் வாயால கலைச்சிட்டேனே!

"நில்லு"ன்னு சத்தம். "எந்த வார்டு?"

சொன்னேன்.

"காலையிலேருந்து எதாச்சும் சாப்பிட்டியா?"

இல்லைன்னு தலையாட்டுனேன். உள்ள போனவங்க ஒரு தட்டுல இட்டிலியும், தூக்குவாளியில கஞ்சியுமா வந்தாங்க. இட்டிலி எனக்கு, கஞ்சி அப்பாவுக்கு. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க. எனக்கு எதுவும் பிடிபடலை. இது கடைசிச் சோறா, என்னன்னு.

ஆஸ்பத்திரியில அவங்களைப் பாத்ததும் அப்பா எந்திரிக்கப் பாத்தாரு.

"படுங்கண்ணே"ன்னு ஒரு அதட்டு. "கல்லைக் குடுத்துவிடும்போது என்ன சொன்னேன்? ஏதாச்சும்னா மறைக்காமச் சொல்லுங்கன்னு சொன்னேனா, இல்லையா?"

"இல்ல தங்கச்சி... பொண்ணு வாழ்க்கை... ஏற்கெனவே ரெண்டு..."

"கல்லு ஆகலைன்னா கல்லை மாத்துவேன். பொண்ணையா மாத்துவேன்? அப்பனை ஆஸ்பத்திரியில சேத்துட்டு, கல்லையும் கொண்டாந்து வச்சு, என் மூஞ்சிக்கு நேரா அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு நிக்கிறா. இவளை விட்டுட்டு நான் எங்க போயித் தேட?"

அப்பா துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டாரு. எங்கம்மா பாட்டுக்கு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் சுவத்தோட சாஞ்சு நின்னேன். அப்பாடா! ஆறு நாளா வயித்துக்குள்ள கெடந்த கல்லு அப்பத்தான் இறங்குச்சு.

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கழிச்சு மறுபடி அதே கடை, அதே மாடிப்படி. மொதக் கல்லை அத்தை அன்னிக்கே திருப்பிக் குடுத்திருந்தாங்க. "உருண்டையே போதும் அத்தை"ன்னேன்.

"ஏன், நெல்லு அலுத்துருச்சா?"

கடைக்காரர் அதே வெட்டுல இன்னொண்ணு வரவழைச்சிருந்தாரு. இது அதைவிடச் சின்னது, நல்ல சன்னம். அசைச்சுப் பாத்தேன், நடுவுல அந்த நிழலு தேடித்தான் பிடிக்கணும். உள்ளதைச் சொல்லணும்னா மொதக் கல்லைவிட எனக்கு இதுதான் பிடிச்சுது. ஆனா எங்கம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சு. மறுபடி ஏழு நாளா! மறுபடி அந்த மாடமா!

அத்தை பொட்டலத்தை எடுத்து அவங்க இடுப்புச் சுருக்குப் பையில போட்டு இறுக்குனாங்க. "இந்தத் தடவை எங்க வீட்ல இருக்கட்டும்."

"போட்டுக்கிறவங்க வீட்லதானம்மா வைக்கணும்?"னாரு கடைக்காரர்.

"அவ இருக்கப் போற வீடு எதுவாம்?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏதாச்சும்னா மறைக்காமச் சொல்லணும் அத்தை"ன்னேன். ஒரு மொறை மொறைச்சாங்க. கூட வந்திருந்த அவங்க மகன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு.

எட்டாம் நாள் சொல்லிவிட்டாங்க. கல்லு ஒத்துக்கிருச்சாம். வீட்ல ஒருத்தருக்கு ஒரு தலைவலிகூட இல்லையாம். எங்கம்மா அழகருக்கு நேந்துகிட்டதை உடனே கோயிலுக்குப் போயி முடிச்சிட்டு வந்தாங்க.

நிச்சயத்தன்னிக்கு அப்பா நாற்காலியில உக்காந்திருந்தாரு. மெலிஞ்சிருந்தாரு, ஆனா ஒரு தடவை சிரிச்ச சிரிப்பு கடைசி வரைக்கும் மாறலை. அத்தை எனக்குச் சேலை குடுத்தாங்க, பூ வச்சாங்க, நெத்தியில குங்குமம் வச்சாங்க. எல்லாம் வலது கையாலயே. இடது கை முந்தானைக்குள்ளயே இருந்துச்சு. அப்புறம் மோதிரம். ஒரு கையால மோதிரம் போட முடியுமா? என் விரலைப் பிடிக்க இடது கையை வெளிய எடுத்தாங்க.

மணிக்கட்டு வீங்கிப் பூசணிப்பிஞ்சாட்டம் இருந்துச்சு. வலது கை நெறையக் கண்ணாடி வளையல், இந்தக் கையில ஒண்ணு இல்ல. ஓரத்துல சுளுக்குக்குப் போட்ட புளிப்பத்து காஞ்சு ஒட்டியிருந்துச்சு. நான் அவங்க மகனைப் பாத்தேன். அவரு மோட்டுவளையைப் பாத்தாரு.

"அத்தை, கையில என்ன? கல்லு வீட்ல இருந்தப்பவா?"ன்னு அவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி கேட்டேன்.

"பேசாம விரலை நீட்டு"ன்னாங்க. "நல்ல நேரம் போகுது."