ஒரு குறையாவது கொண்டு வா

அன்று அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள்: நான், எங்கள் சமையலறைக்குப் பொறுப்பான துஷ்யந்தி, அச்சில் சுட்ட ஒரு தட்டு வாஃபல். வாஃபலையும் ஓர் ஆளாகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அதன் மணம்தான் என்னோடு அதிகம் கதைத்தது.

நோர்வேயில் நகரசபை நடத்தும் முதியோர் இல்லம் அது. புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம். ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பாளர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பார். வேலை பிடித்திருக்கிறதா, எதற்காகக் காலையில் எழும்பி வருகிறாய், என்ன மாற வேண்டும் என்று கேட்பார். நோர்வேக்காரருக்கு அது கோப்பி குடிக்கிற நேரம். எனக்கோ முதல் தடவை அது அகதி விசாரணையாகத்தான் பட்டது.

அப்போது நான் நிரந்தரமில்லாத ஆள். யாராவது சுகமில்லை என்று நின்றால்தான் எனக்கு வேலை. விடியற்காலையில் கூப்பிடுவார்கள். கூப்பிடும் நேரத்தில் கேட்காமல் போனால் என்ன செய்வது என்று, தொலைபேசியைக் கம்பி நீளும் மட்டும் இழுத்துக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், வேறு எங்கே போய் என்னத்தைக் காட்டி வேலை கேட்பது? அப்படியிருக்க, அப்போதைய பொறுப்பாளர் பெரித் "வியாழக்கிழமை என் அறைக்கு வா, கதைப்போம்" என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நிப்பாட்டப் போகினம் போல கிடக்கு," என்றேன் இவரிடம்.

"எதுக்கும் நீர் பேப்பர் எல்லாத்தையும் கொண்டு போம்."

கொண்டு போனேன். விசா, கலியாணப் பதிவு, மகளின் தடுப்பூசி அட்டைகூட. நெற்றி நிறையத் திருநீறு. கூறைச் சேலைக்கு அடுத்த நல்ல சேலை, அதற்குமேல் குளிர்க்கோட்டு. உள்ளே எனக்குச் சத்திரசிகிச்சை நடப்பதுபோல இவர் வாசலில் பனிக்குள் நின்றார்.

பெரித் என் சேலையைப் பார்த்தார், மேசையில் நான் பரப்பியதையும் பார்த்தார். "உனக்கு இன்றைக்குப் பண்டிகையா?" என்றார். பிறகு, இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை. எல்லாம் நல்லம்."

"ஒன்றுமேயா?"

"ஒன்றுமே."

பேனையைக் கீழே வைத்துவிட்டார். "குறையே இல்லாத ஆளோடு நான் என்னத்தைக் கதைக்கிறது? அடுத்த கிழமை வா. ஒரு குறையாவது கொண்டு வா."

பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வீட்டுப்பாடம்! அந்தக் கிழமை முழுக்க நானும் இவரும் சோற்றுக்கோப்பையோடு இருந்து குறை தேடினோம். பெரிதாகச் சொன்னால் வேலை போய்விடும், சிறிதாகச் சொன்னால் நக்கல் என்று நினைப்பார்கள். கடைசியில் மனத்தில் கிடந்ததையே சொன்னேன். நான் நிலவறையில் சமைக்கிறேன். யாருக்குச் சமைக்கிறேன் என்று தெரியாது. மிஞ்சி வரும் தட்டுகளை மட்டும்தான் காண்கிறேன். பெரித் சிரிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் மேலே போய் நீயே பரிமாறு என்றார். பனி கரைந்த கையோடு நிரந்தர வேலையும் வந்தது. குறை சொன்னவளுக்கு வேலை கொடுத்தார்கள் என்பதை இவர் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.

நிரந்தரம் கிடைத்த அன்று, இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆசை எங்கே விட்டது? பிள்ளைகளை நேரத்துக்குப் போய் எடுக்கக் காலை வேலை வேண்டியிருந்தது. பிறகு ஊருக்குப் போக யூலை லீவு. அதற்குப் பிறகு ஓய்வூதியக் கவலை. வேலைக்கு வருகிற காரணத்துக்கு என்னைவிட வேகமாக வயதேறியது. உருளைக்கிழங்கு மட்டும் அதே உருளைக்கிழங்கு.

இப்போது பெரித்தின் இடத்தில் இருக்கும் துஷ்யந்தி இங்கே பிறந்தவள், தமிழ்ப் பள்ளியில் என் மகளோடு படித்தவள். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்குத் தெரியாது. பதவியில் மேலே போய் எதையாவது மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம்தான் அவளுக்கு.

"அன்ரி, பென்ஷன் எடுக்கலாம்தானே? அங்கிளும் வீட்டில நில்லுமெண்டு சொல்லுறாராம். பிறகேன் வாறியள்? நிக்கிறியளோ போறியளோ எண்டு இண்டைக்கு நான் மேலிடத்துக்குச் சொல்லவேணும்."

வாஃபல் மணத்தது.

"பிள்ளை, இந்தக் கட்டிடத்தில இப்ப மணக்கிறது இது ஒண்டுதான்," என்றேன். "சாப்பாடு எங்கையோ சமைச்சுப் பெட்டியில வருது. நாங்கள் சூடாக்கிக் குடுக்கிறம். மேல இருக்கிற சனத்துக்கு மத்தியானம் வந்ததே தெரியேல்லை, பசி எப்பிடி வரும்? ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முதல் என்னை வெங்காயம் பொரிக்க விடு. விட்டா நிக்கிறன். இல்லாட்டிப் போறன்."

"அன்ரி, இது குறையா, வெருட்டா?"

"ரெண்டுந்தான்."

அவள் சிரித்தாள். "சரி, பொரியுங்கோ. நான் கதைக்கிறன். ஃபயர் அலாம் அடிச்சா மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோ."

பெரித்தின் அறையில் இப்போது சூடாக்கும் பெட்டிகள் நிற்கின்றன. பெரிய சட்டிகளைக் காணோம், கம்பித் தொலைபேசியும் இல்லை. அன்று ரயிலில் வரும்போது எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல மனம் அடித்துக்கொண்டது. கைப்பையைத் துழாவினேன். வீட்டுத் திறப்பு இருந்தது, ரயில் அட்டை இருந்தது, கைபேசியும் இருந்தது. புருசெத்தில் இறங்கும்போதுதான் விளங்கியது. பொறுப்பாளரையே வெருட்டிவிட்டு வந்திருக்கிறேன், ஒரு பேப்பரும் கொண்டு போகவில்லை. இத்தனை காலம் விடியற்காலையில் என்னை எழுப்பி அனுப்பிய பயத்தைக் காணவில்லை. எந்த ஆண்டு போனதோ தெரியாது. பெரித்கூட வேலையை விட்டுப் போகும்போது கேக் வெட்டி எல்லோருக்கும் தந்துவிட்டுத்தான் போனார். இந்தப் பயம் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது.