பட்டியில் அடைத்த பெயர்

ஆலன் பின்டர் மனைவியை விட்டுப் போனது, தவக்கால நோன்பு தொடங்குமுன் ஊரெல்லாம் அப்பம் சுட்டுத் தின்னும் அந்தச் செவ்வாய்க்கிழமை. அவனைக் கொண்டுபோய் விட்டவளும் அந்த மனைவியேதான். ஹார்த்பெக்கிலிருந்து ரயிலடிக்கு ஒரே பேருந்து. அதன் ஓட்டுநர் ரூத். பெட்டியோடு ஏறிய கணவனிடம், "போக மட்டுமா, போக வரவா?" என்று கேட்டாள்.

"போக மட்டும்."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

பாலம் தாண்டியதும் பேருந்து நின்றது. நடுரோட்டில் கிளெக் வீட்டுச் செம்மறிக் கிடா. வேலி என்பது தாண்டுவதற்காகப் போட்டது என்பது அதன் கொள்கை. ரூத் இறங்கினாள். அடுத்து என்ன நடக்கும் என்று பயணிகளுக்குத் தெரியும். பின்னல் ஊசிகள் பைகளிலிருந்து வெளியே வந்தன.

"இன்னிக்காவது இதை விடேன் ரூத், ரயிலு போயிடும்!" என்றான் ஆலன்.

"அப்ப வாயை மூடிட்டு வந்து பட்டிக் கதவைப் பிடி."

ஆலன் வந்து கதவைப் பிடித்தான். கிடா கல்சுவர்ப் பட்டிக்குள் போனது, ரயிலும் கிடைத்தது. "கிடா உள்ள போச்சு, புருஷன் வெளிய போனாரு. ஒரே டிரிப்புல ரெண்டு வேலை" என்று அவளே பிறகு ஊரெங்கும் சொல்லித் திரிந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

இங்கிலாந்தில் பீப்பாய் செய்தவன் பிள்ளைகள் கூப்பர் ஆனார்கள். அம்பு செய்தவன் பிள்ளைகள் ஃப்ளெட்சர். பயிரில் வாய் வைத்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்தவன் பின்டர். ஊர்க்கூட்டம் கூடி அவனை நியமிக்கும். மறுநாள் காலையிலேயே அவனை வையத் தொடங்கும். மற்ற தொழில்காரனுக்கு வாடிக்கையாளர் இருந்தார்கள், இவனுக்குப் பகையாளிகள்தான். அந்த வேலை என்றோ ஒழிந்தது, பெயர் மட்டும் பரம்பரையாக ஒட்டிக்கொண்டது. ஆலன் வீட்டார் அதைக் கல்லறைக் கல்லில் வெட்டியதோடு சரி. மருமகளாக வந்த ரூத்துதான் பாழடைந்த பட்டிக்குக் கதவு போட்டாள்.

போட்டதும் சும்மா இருக்கவில்லை. ஆடு, வாத்து, சுற்றுலாக்காரர்களின் நாய், கடைத் தள்ளுவண்டி, நடைபாதையை மறித்து நின்ற பாதிரியாரின் சைக்கிள் என்று எதுவும் தப்பவில்லை. மீட்க வருகிறவர்கள் முட்டையோ ஜாமோ கொண்டுவர வேண்டும். பாதிரியார் ஊறுகாய் கொண்டுவந்தார். ருசி பார்த்துவிட்டு, "இந்த ஊறுகாய்க்குச் சைக்கிளோட முன்சக்கரம் மட்டும்தான் தருவேன் ஃபாதர்" என்றாள்.

வாடகை வீடு வாடகை வீடாக இழுபட்டு வளர்ந்தவள் அவள். பள்ளிக்கூடங்களின் பெயர்கூட அவளுக்குக் குழம்பும். முதன்முதலாக ஒரு பெயரோடு ஓர் ஊரும், சுவரும், செய்ய ஒரு வேலையும் சேர்ந்து கிடைத்தது இங்கேதான். ஆகவே நாத்தனார் முரியல் ஒரு நாள் பேருந்தில் ஏறி முன் இருக்கையில் அமர்ந்து தொண்டையைச் செருமியபோது, ரூத்தின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது.

"விவாகரத்து ஆனதும் ஆலன் மறு கல்யாணம் பண்ணிக்கப் போறான். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு மிஸஸ் பின்டர் நல்லாவா இருக்கும்? எங்க பேரைக் குடுத்துடு."

"உங்க பேரா? நீ கட்டிக்கிட்டுப் போய் கிராப்ட்ரீ ஆகி முப்பது வருஷமாச்சே கண்ணு."

பின் இருக்கையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

"ரத்தம் பின்டர் ரத்தம்தான்! நீ வெளியில இருந்து வந்தவ."

"வாஸ்தவம். ஆனா அந்தப் பேரு கேப்பாரில்லாம ரோட்டுல திரிஞ்சுது. நான் புடிச்சு அடைச்சிருக்கேன். சொந்தக்காரன் நேர்ல வந்து கேட்டா விட்டுடுவேன். அதான் பட்டி நியாயம்."

"பட்டி நியாயமா?" முரியலும் பின்டர் வீட்டில் பிறந்தவள்தானே. "அடைச்ச மாட்டைக் கறக்கக் கூடாது, ஏர்ல பூட்டக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. நீ அடைச்ச பேரை வில்லையா நெஞ்சுல குத்திக்கிட்டுத் தினமும் சவாரி போறியே!"

மறுநாள் அவள் சட்டையில் இருந்த பெயர் வில்லையில் 'ரூத்' மட்டும் தெரிந்தது. மீதியை ஒரு காயப் பிளாஸ்திரி மூடியிருந்தது.

"என்னம்மா, அடிபட்டுச்சா?" என்றார் பணிமனை மேலாளர்.

"இல்ல சார், காவல்ல இருக்கு."

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ரயிலடியில் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். ஆலன் ஒரு ஜாம் பாட்டிலோடு வந்து நின்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தன் சட்டத்தைத் தானே மீறும் பின்டர் என்ன பின்டர்? கறைபட்டால் பிளாஸ்திரியை மட்டும் மாற்றினாள். கோடை போனது, பனி போனது, அடுத்த அப்பச் செவ்வாயும் போனது. ஆலன் வரவில்லை.

மறுபடி ஆட்டுக்குட்டிகள் துள்ளும் காலம். ரயிலடியில் பேருந்தை நிறுத்தியிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஆலன் குரல் செய்தி அனுப்பியிருந்தான்; ரூத் அதைப் பேருந்துக்கே கேட்கும்படி வைத்துவிட்டாள்.

"ரூத், நேத்து கல்யாணம் முடிஞ்சுது. வெண்டிக்குப் பின்டருங்கற பேரு பிடிக்கல. ஆட்டு வாடை அடிக்குதாம். அதனால அவ பேரையே நான் எடுத்துக்கிட்டேன். இனிமே நான் ஆலன் லம்ப். முரியல்கிட்ட இன்னும் சொல்லல, நீயே சொல்லிடு. ஆமா, அந்தக் கிடா எப்படி இருக்கு?"

பின்னல் ஊசிகள் நின்றன.

ரூத் நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, 'பின்டர்' என்ற எழுத்துகளின் மேல் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தாள். பிறகு எழுந்து பயணிகள் பக்கம் திரும்பி, எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.