ஜெபமாலை லாரிக்கு ஏர் எடுத்த நாள்

என் மனைவி ஜெபமாலை ஆவூர்ப் பக்கம் பிறந்து ஆலங்குடிக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் குவைத்தில் கிடந்த ஒன்பது வருஷத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய மினி லாரி ஒன்றையும் வாங்கி, தேங்காய் லோடு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஊர் திரும்பியபோது திருச்சி ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வந்ததும் அந்த லாரியில்தான். சீட்டில் கிடந்த நாரைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள்.

அந்த லாரிக்குத்தான் போன வியாழக்கிழமை பிரேக் போயிற்று. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ரோடெல்லாம் பிள்ளைகள். பெடல் தரை வரைக்கும் இறங்கிவிட, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைக் கடலைக் கொல்லைக்குள் இறக்கி நிறுத்தியிருக்கிறாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வித்துத் தொலை என்று கத்தினேன். கத்தினால் கேட்கிற பிறவியா அது? பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான் போயிருக்கிறது, புதுசு வாங்கி வந்து வீட்டிலேயே நான் மாட்டுகிறேன் என்றாள். மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லாரியை விற்றுவிட வேண்டியது. அவள் சொன்ன சொல் மாறமாட்டாள். எப்படியும் அவளால் முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்தவள், நைட்டிக்கு மேல் என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். துருப்பிடித்த நட்டுகளோடு முட்டி மோதி, விரல் முட்டியெல்லாம் தோலுரிந்து, மதியத்துக்குள் புது சிலிண்டரை உட்கார வைத்துவிட்டாள். மிச்சம் ஏர் எடுக்கிற வேலை. பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்று வெளியேறினால்தான் பெடல் நிற்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வீலடியில் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். மிதிக்கிற ஆள் நான்.

அடியிலிருந்து குரல் வரும். மிதிங்க என்பாள், மிதிப்பேன். பிடிங்க என்பாள், பிடிப்பேன். அப்புறம் "விடுறேன்" என்பாள். வேலை முடிந்தது, என்னை விடுகிறாள் என்று நினைத்து நானும் காலை எடுத்துவிடுவேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை விட்டதே அந்த ஒரு சொல்லில்தான்!

நான்கு வீலும் மூன்று சுற்று முடிந்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. அவள் தலையை வெளியே நீட்டினாள். வெளியே விட்ட காற்று திரும்ப எப்படி உள்ளே போகிறது, நிப்பிளை மூடுகிற வரைக்கும் நீங்கள் காலை எடுக்கவில்லைதானே என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவள் விடுகிறேன் என்றது காற்றை.

"எடுக்கலையே" என்றேன்.

அதுவரை செய்தது தெரியாமல் செய்தது. அடுத்த சுற்றில் தெரிந்தே எடுத்தேன். ஒவ்வொரு வீலுக்கும் எடுத்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

அவள் வெளியே வந்து வீலில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பிரேக் ஆயில். கடைக்காரனைத் திட்டுவாள், என்னையாவது திட்டுவாள் என்று பார்த்தேன். நான் மாட்டினதில்தான் கோளாறு என்று சொல்லி, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற ஸ்பேனரை எடுத்தாள். தோலுரிந்த அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"கழட்டாத. நான்தான் காலை எடுத்தேன். மொதல்ல தெரியாம, இப்பத் தெரிஞ்சே."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"பயம் ஒங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களா? அந்தப் புள்ளைங்க மொகம் இன்னும் என் கண்ணுல நிக்கிது. அதுக்குத்தான் அடுத்த ஆளை நம்பாம நானே மாட்டுறேன். ஒங்க கால ஒண்ணத்தான் நம்பினேன்."

நான் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஏறி மிதிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்தாள்.

மிதித்தேன். மூடிட்டேன் என்று அவள் சொல்லுகிற வரைக்கும் பிடித்தேன். இரண்டாவது சுற்றில் குமிழி இல்லாமல் ஆயில் வருகிறது என்றாள். கடைசி வீலையும் முடித்துவிட்டு மிதித்தபோது பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது. வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் வெளியே வந்து, போதும், காலை எடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியும் நான் எடுக்கவில்லை.