நாற்பது மைலைத் தாண்டாத வண்டி

ஆர்விட் டோலெஃப்சனின் பிக்கப் வண்டிக்கு நான்கு முறை ரேடியேட்டரை ஒட்டிக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் ஊருக்கு வடக்கே கோதுமையும் சூரியகாந்தியும் போடுகிறான். நான் பட்டறை வைத்திருக்கிறேன். அவன் மனைவி மார்லிஸ், முந்நூறு மைல் கிழக்கே இருக்கும் டுலூத் நகரத்துக்காரி. கடல் மாதிரி கிடக்கும் ஏரியின் கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் எங்கள் டகோடா சமவெளியில் எங்களோடு இருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பார்த்துக்கொள்ளப் போனாள். இரண்டாம் வருஷம் அவர் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு ஆர்விட்டை என் காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தவனும் நான்தான். மார்லிஸ் வரவில்லை.

சண்டை எதுவும் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற வீட்டை விட்டு வர அவளுக்கு மனமில்லை. நிலத்தை விட்டுப் போக இவனுக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். பேசி முடிக்கும்போது, "எப்ப வர்ற ஆர்விட்?" என்று கேட்பாள். "வண்டி தாங்காது மார்லிஸ், நாப்பது மைல் தாண்டினா கொதிச்சிடுது" என்பான் இவன்.

அது பொய்யில்லை. எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. செம்பும் பித்தளையுமாகச் செய்த பழைய ரேடியேட்டர். கசிந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம், மறுபடி கசிந்தால் மறுபடி ஒட்டலாம். ஓட்டை விழுந்த குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து அடைத்து, தண்ணீர் ஓடப் பாதி வழிதான் மிச்சமிருந்தது. புதுசு மாட்டச் சொல்லி ஒவ்வொரு தடவையும் சொன்னேன். "இந்தத் தடவை ஒட்டிடு வெர்லின், அடுத்த தடவை பாக்கலாம்" என்பான். பஸ்ஸில் போயேன் என்றால், "சொந்த வண்டியில போய் இறங்கணும்ப்பா" என்பான். அவன் எதை ஒட்டச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ரேடியேட்டர் சரியாகிவிட்டால், போவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்தாக வேண்டும். தெரிந்தும் ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

போன செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, முன்பக்கம் ஆவி பறக்க வந்து நின்றான். இறங்கி மூடியைத் தூக்கினான்.

"மேல் தொட்டியோரமா மறுபடியும் கசியுது. ஒட்டிக் குடு."

நான் ரேடியேட்டரைக் கழற்றி, குழாய் வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று ஏற்றினேன். ஐந்து இடத்தில் குமிழி வந்தது.

"யோவ், இது ரேடியேட்டர் இல்ல, மாவு சலிக்கிற சல்லடை."

அவன் சிரிக்கவில்லை. கிளாஸில் காபியை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், குடிக்காமல்.

"எவ்வளவு தூரத்துக்கு ஒட்டணும்னு சொல்லு" என்றேன். "தானியக் கிடங்கு வரைக்கும்னா இன்னிக்கே ஒட்டித் தர்றேன். அதுக்கு மேலன்னா புதுசுதான். ஃபார்கோ டவுன்லேருந்து வர ரெண்டு நாளாகும். அலுமினியம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக். ஒட்டவெல்லாம் முடியாது. ஆனா சூடாகாது."

கிளாஸை மேஜைமேல் வைத்தான். பிறகு சொன்னான்:

"நேத்து அவ கேக்கல."

"என்னது?"

"எப்ப வர்றேன்னு. தக்காளி காய்ச்சத சொன்னா. தேவாலயத்துல புதுசா பாட்டுக் குழு சேர்ந்தத சொன்னா. சரி வெக்கறேன்னுட்டு வெச்சிட்டா. ஒம்பது வருஷத்துல ஒரு வாரம்கூட கேக்காம விட்டதில்ல, வெர்லின்."

கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"புதுசே வரவழை" என்றான்.

புதன்கிழமை புது ரேடியேட்டர் வந்தது. பழைய தாங்கிகளில் உட்காரவில்லை; புதிதாகத் துளை போட்டு, விசிறியைச் சுற்றியிருந்த மறைப்பை அரை அங்குலம் வெட்டி மாட்டினேன். அவன் பக்கத்திலேயே நின்று திருகுகளை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு அவசரம். வேலை முடிந்ததும் இருவருமாக அறுபது மைல் ஓட்டிப் பார்த்தோம். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. அதைப் பார்த்து அவன் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டான். பதினோரு நாள் கழித்துத்தான் வந்தான். வந்தவன் நேரே பட்டறைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"முடியக் குட்டையா வெட்டியிருக்கா" என்று ஆரம்பித்தான். "கதவத் தொறந்தவ என்னப் பாக்கல, எனக்குப் பின்னால வண்டியப் பாத்தா. 'அதுலயா வந்த?'ன்னா. அப்புறம் வாசல்லயே உக்காந்துட்டா."

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் நடக்கும்போது அவனே கேட்டிருக்கிறான், அன்றைக்கு ஏன் கேட்கவில்லை, கோபமா என்று.

"கோவமெல்லாம் இல்லையாம். மறந்துட்டாளாம். சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான், அடடா இன்னிக்குக் கேக்கலையேன்னு ஞாபகம் வந்துச்சாம். 'மறந்துட்டேன்னு தெரிஞ்சப்பதான் ஆர்விட், நான் அழுதேன்'னா." தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். "கோவமா இருந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்துவிடு என்று இவன் கேட்டான். இங்கேயே இருந்துவிடு என்று அவள் கேட்டாள். இரண்டு பேரும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. சூரியகாந்தி அறுவடைக்கு இவன் வந்தாக வேண்டியிருந்தது, வந்துவிட்டான்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறான். பனி விழுந்து சாலை மூடினால் அங்கேயே தங்கிவிடுகிறான். இந்த வருஷம் பாதி நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். ஏக்கம் தீர்ந்ததா என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"முன்னாடி ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு. அங்க இருக்கும்போது நம்ம ஊரு காத்து வேணும்போல இருக்கு. இங்க வந்து படுத்தா, அவ பாத்திரம் கழுவுற சத்தம் கேக்காம தூக்கம் வரமாட்டேங்குது."

சொல்லிவிட்டு, தோட்டத்தில் தோண்டிய உருளைக்கிழங்கு மூட்டையை வண்டியின் பின்புறம் ஏற்றி, பனியில் நனையாமல் அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். ஏரிக்கரை மண்ணில் நல்ல கிழங்கு விளையாதாம்.